சட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்பவர்

சலவைக்காரருக்கு அந்தத் தெருவில் ஒரு பெருமையும் உண்டு, ஒரு கெட்ட பெயரும் உண்டு. ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முப்பது வருஷமாகக் கடை. இன்றுவரை ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. காலரைத் தடவினாலே யார் வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவார். ஆனால் சட்டைக்குள் இருக்கும் ஆளின் முகம் மட்டும் அவர் மண்டையில் ஏறவே ஏறாது. மூன்றாம் மாடி டீச்சர் ஒருநாள் தங்கையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்க, "யாரும்மா வேணும்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! டீச்சர் அதைக் கட்டடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்காத ஒரே ஆள் அவர் மனைவிதான். "முகத்தைப் பாத்தாத்தானே? நான் மொட்டையடிச்சிட்டு வந்து நின்னாலும் இந்த மனுஷனுக்குத் தெரியாது" என்று சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை கொட்டுகிற மழையில், நான்கு தெரு தள்ளி இருக்கும் வங்கி மேனேஜர் வீட்டுத் துணி மூட்டையோடு கிளம்பினாள். மேலே பச்சை மழைக்கோட்டு.

"மழை விட்டதும் போயேன்."

"இன்னிக்குக் காலையில கண்டிப்பா தரேன்னு வாக்குக் கொடுத்தது யாரு? நானா, நீங்களா?"

அவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரத்தில் பக்கத்து ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்துவிட்டது. சலவைக்காரர் பதறியடித்து ஊரார் துணிகளை எல்லாம் இரண்டாம் மாடிக்கு ஏற்றினார். கடைசி மூட்டைக்கு இறங்கியபோது தேய்க்கிற மேசையே மிதந்துகொண்டிருந்தது. மேசை போனால் போகிறது. மனைவியின் போன் அடிக்கவே இல்லை. 'எவனோ போடுற சட்டைக்காக அவளை அனுப்பிட்டேனே, பாவி!' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"படகு வருதாம் அண்ணே. வந்துடுவாங்க, தைரியமா இருங்க" என்றார் டீச்சர். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

முதல் மாடிப் படியே படகுத்துறை ஆகிவிட்டது. முதல் படகு வந்தது. சலவைக்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு பச்சை நிறத்தைத் தேடினார். இல்லை. இரண்டாவது படகிலும் இல்லை.

மூன்றாவது படகில் பச்சை தெரிந்தது! இரண்டு படி இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றார். படகு நெருங்கியது. கோட்டு இருந்தது, கோட்டுக்குள் ஆள் இல்லை. ஒரு மூட்டையைத்தான் அது சுற்றியிருந்தது. மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி, இந்தப் பக்கம் முதுகைக் காட்டி, குட்டை முடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, தோள்பட்டையில் அவரே போட்ட தையல். சந்தேகமே இல்லை.

"மேனேஜர் சார்!" என்று அலறினார். "அது என் பொஞ்சாதி கோட்டு சார்! அவ எங்க சார்? உங்களுக்காகத்தான் சார் வந்தா!" குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சட்டை திரும்பியது.

"மேனேஜர் சார் அவர் வீட்டு மாடியில சௌக்கியமா இருப்பாரு. நான்தான், உங்க பொஞ்சாதி."

சலவைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"முடி எப்போ வெட்டின?"

"ரெண்டு மாசம் ஆச்சு!"

கட்டடமே அதிரும்படி சிரித்தார்கள். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சலவைக்காரர் மட்டும் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, பிடித்த கையை விடாமல் நின்றார்.

"பாதி வழியில தண்ணி மார்பு வரைக்கும் வந்துடுச்சு. ஒரு மாடிப்படியில ஏறி உக்காந்துட்டேன்" என்றாள். "துணி நனையக் கூடாதுன்னு கோட்டை மூட்டைக்குப் போட்டேன். குளிர்ல நடுங்குறதைப் பாத்து படகுக்காரர் திட்டினாரு. அதான் மேல இருந்ததை எடுத்து மாட்டிக்கிட்டேன். நம்ம கடையில முதல் தடவையா துணி ஆள் மாறிடுச்சு."

"மாறட்டும் விடு" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. அவள் முகத்தையே பார்த்தார். "முடி நல்லாத்தான் இருக்கு."

பத்து நாளில் தண்ணீர் வடிந்தது, சேற்றை வாரிக் கொட்டினார்கள், கடை திறந்தது. முதல் ஆளாக ஒருவர் பளபளவென்று புது பனியன் சட்டையில் வந்து நின்றார். சலவைக்காரர் இந்தத் தடவை உஷார். துணிப் பக்கமே கண்ணைத் திருப்பாமல் அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை நிதானமாகப் பார்த்தார்.

"யாரு சார் நீங்க?"

"யோவ், மேனேஜர்யா! என் நீலச் சட்டை எங்க?"

உள்ளே துணி அலசிக்கொண்டிருந்த மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க முதல்ல என் முகத்தை மட்டும் பாத்துப் பழகுங்க. ஊராரு முகத்தை அப்புறம் பாத்துக்கலாம்."