நெற்றித் தட்டு

கையுறை மாட்டுவதற்கு முன்னால் பஞ்சுக்குச்சியால் தன் நெற்றியை ஒருமுறை தேய்த்து, அதை வட்டத் தட்டில் கிருமி வளர்க்கும் கூழின்மேல் இழுத்துவிட்டுத்தான் என் அக்கா மகள் வேலையைத் தொடங்குவாள். தட்டின் அடியில் ‘நான்’ என்று எழுதி, கிருமி முளைத்ததும் குளிர்பெட்டியில் அடுக்கிவிடுவாள். “முதல்ல நம்ம வீட்ட சோதிச்சுட்டு அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போகணும் மாமா” என்பாள்.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை, எல்லார் தோலிலும் குடியிருக்கிற ஒரு பாக்டீரியாவுக்குக் கால்வழி பார்ப்பது. பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளைப் புள்ளி. மரபணுவை இயந்திரத்தில் எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் இது அண்ணன் தம்பி, இது ஒன்றுவிட்டது, இது எந்தக் காலத்திலோ பிரிந்து போனது என்று தெரியும். எங்கள் சொந்தத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று நான் ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். அவள் மட்டும் கேட்பாள். “நீங்க பண்றதத்தான் நானும் பண்றேன். என் ஆளுங்க கோவிச்சுக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.”

சப்பை மூக்கு எங்கள் வழி. என் அம்மாவிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து இவளுக்கு. கண்ணாடி நிற்கவே நிற்காது. விரலால் நெற்றிப் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பாள்.

போன மாதம், பிறந்த குழந்தைகள் பிரிவிலிருந்து மூன்று குழந்தைகளின் ரத்தம் சோதனைக்கு வந்தது. மூன்றிலும் இந்தப் பாக்டீரியா. தோலில் இருக்கும்வரை சாது. பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் ஏறினால் எமன். மூன்றும் ஒரே கால்வழி என்று இவள்தான் எழுதிக் கொடுத்தாள். அப்படியென்றால் ஒரே கை பரப்பியிருக்கிறது. மூன்று குழந்தைகளையும் பார்த்துக்கொண்டவர் மூத்த நர்சு. அன்றே அவரைத் துணி அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

நர்சம்மா நேரே இவளிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். “பாரு கண்ணு. இருபது வருஷமா கழுவிக் கழுவி ரேகையே தேஞ்சு போச்சு. இந்தக் கையா?”

பார்த்தாள். அந்தக் கையிலிருந்து எடுத்தது வேறு கால்வழி. அந்தப் பிரிவின் மற்ற பதினாலு பேர் கைகளையும் பார்த்தாள். ஒன்றும் சேரவில்லை.

“இந்த மூணுக்கும் மூலம் யாருன்னே புரியல மாமா” என்று சாப்பிட உட்கார்ந்தவள், நழுவிய கண்ணாடியைத் தள்ளினாள். தள்ளிய விரல் நெற்றியிலேயே நின்றுவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

வழக்கத்துக்காகப் போட்டு வைத்தாளே தவிர, ‘நான்’ தட்டை அவள் ஒரு நாளும் இயந்திரத்தில் படித்ததில்லை. அன்று படித்தாள். மூன்று குழந்தைகளின் தட்டில் முளைத்திருந்ததும் இவள் நெற்றியில் இருந்ததும் ஒன்று. கையுறையோடு கண்ணாடியைத் தள்ளி நெற்றியைத் தொட்ட விரல்தான் ரத்தத்தோடு கிருமியையும் தட்டில் விட்டிருக்கிறது. குழந்தைகளிடம் மறுபடி எடுத்த ரத்தம் சுத்தமாக இருந்தது.

“எழுதிக் குடுத்தா உன் பேரு கெட்டுடும்மா” என்றார் பெரிய டாக்டர்.

“நர்சம்மா பேரு கெட்டதே போதும் சார்” என்று, கண்ணாடி தள்ளியதுவரை நடந்ததை அப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் குழந்தைகள் பிரிவுக்குத் திரும்பிப் போகிற வழியில் நர்சம்மா ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். திட்டு விழப்போகிறது என்று இவள் எழுந்து நின்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து கட்டுப்போடும் நாடாவில் ஒரு முழம் எடுத்தார்.

“கிட்ட வா, சப்பமூக்கி. கண்ணாடியக் கட்டி விடறேன்.”

இவள் தலையைக் குனிந்து கொடுத்தாள்.