உப்புப் போட்ட கருது

போன ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டுப் பக்கம் ஒரு மாலில் எனக்குப் பெண் பார்த்தோம். பெண் பார்த்தோம் என்றதும் பஜ்ஜி சொஜ்ஜி என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மேல்மாடியில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் இரண்டு மேசைகளை இழுத்து ஒட்டிப் போட்டு, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். சத்தம் அதிகம் என்பதால் எல்லோரும் கொஞ்சம் கத்தித்தான் மரியாதையாகப் பேச வேண்டியிருந்தது.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு, எல்லோருக்கும் கப்பில் சோளம் வாங்கலாம் என்று எழுந்தார். தூக்கிவர நானும் கூடப் போனேன். வெண்ணெயா, மசாலாவா, சீஸா, பெரி பெரியா என்று கடைக்காரப் பெண் மூச்சுவிடாமல் கேட்டாள். நான் வெண்ணெய் என்றேன். மாமனார் ஆகக்கூடியவர் முன்னால் பெரி பெரி என்று சொல்ல வாய் வரவில்லை.

கப்பின் மூடியைத் திறந்ததும் ஆவி மூக்கில் ஏறியது. வெண்ணெயைத் தாண்டி அடியில் அந்தப் பழைய வாசம் இருந்தது. கொஞ்சம் பால், கொஞ்சம் பச்சைப் புல். எல்லோரும் தின்ன ஆரம்பித்தோம். அம்மா மட்டும் கப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பூனைத் தொடவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் காரமடைக்கு மேற்கே எங்கள் சோளக்காட்டுக்குத்தான் உங்களைக் கூட்டிப்போக வேண்டும்.

மக்காச்சோளத்தை எங்கள் பக்கம் மனிதர்கள் தின்பதற்காக யாரும் விதைப்பதில்லை. கோழிப்பண்ணைக்காரர்களுக்காக விதைப்பது. கோழி அதைத் தின்னும், நாம் கோழியைத் தின்போம், எப்படியும் நம்ம வயித்துக்குத்தான் வருது என்பார் அப்பா. செடி தட்டோடு காய்ந்து, மணி கல்லாக இறுகிய பிறகுதான் கருது ஒடிப்போம். கதிரை நாங்கள் கருது என்போம். ஆனால் காய்வதற்கு முன்னால், ஆவணி வாக்கில், சில நாட்கள் உண்டு. மணியை நகத்தால் கீறினால் பால் தெறிக்கும். அந்தச் சில நாட்கள்தான் கோழிகளுக்கு முன்னால் எங்களுக்குக் கிடைக்கும் பங்கு.

அப்போது வீட்டில் வேறு பேச்சே இருக்காது. வெடியால எந்திரிச்சாலும் கருது, பொழுதோட வெளக்கு வெச்சாலும் கருது. அப்பாவுக்குச் சுட்டதுதான். தோலை முழுக்க உரிக்காமல் பின்னால் மடக்கி, அதையே பிடியாக்கிக்கொண்டு, காய்ந்த தென்னை மட்டைக் கங்கில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். மணி பட்பட்டென்று வெடித்து அங்கங்கே கருகும். காட்டில் உப்பு ஏது, காரம் ஏது? அப்படியே கடிக்க வேண்டியதுதான். வாயெல்லாம் கரி. உப்பு வேணும்னா ஊட்டுக்குப் போ என்பார்.

வீட்டில் அம்மாவின் ராஜ்யம். அவள் வேகவைப்பாள். சட்டிக்கு அடியில் கருதின் பச்சைத் தோலையே மெத்தை மாதிரி பரப்பி, மேலே கருதுகளை அடுக்கி, தண்ணீரில் சிட்டிகை மஞ்சள். உப்பு மட்டும் கடைசியில்தான். முதலிலேயே போட்டால் மணி இறுகிப்போகும் என்பது அவள் கட்சி. அது உண்மையா என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான்தான் என்றாலும், அம்மாவின் சமையலில் சந்தேகம் கேட்கும் அளவுக்குப் படிப்பு எனக்கு ஏறவில்லை. வெந்த கருதின்மேல் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவி, காய்ந்த மிளகாயும் பூண்டும் கல்லுப்பும் அம்மியில் வைத்து இழுத்த விழுதை அரை எலுமிச்சம்பழத்தில் தோய்த்துத் தேய்ப்பாள். கண்ணில் தண்ணீர் வரும். அடுத்ததை எடுக்கக் கையும் நீளும்.

பால் வற்றி மணி கொஞ்சம் முற்றிவிட்டால் அதற்கும் வழி இருந்தது. கத்தியால் சீவி எடுத்து, சோம்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொரகொரவென்று ஆட்டி அடை. மிச்ச மாவில் பணியாரம்.

கருதை உரிப்பது சுமதி அக்காவின் வேலை. மணிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் முடியை அவளைப் போல யாராலும் எடுக்க முடியாது. எட்டாவதோடு நின்றுவிட்டு, துடியலூரில் ஒரு பம்பு கம்பெனிக்கு மோட்டார் காயில் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். தாமிரக் கம்பியை நாளெல்லாம் சுற்றிய விரல்கள். கருது முடி ஒரே இழுப்பில் அவள் கைக்கு வந்துவிடும். விரல் நுனியில் வார்னிஷ் வாசம் எப்போதும் இருக்கும். சோளத்திலும் அது கொஞ்சம் ஒட்டும். எனக்கு அது பிடிக்கும் என்று இப்போதுதான் சொல்கிறேன். அப்போது மூக்கைப் பொத்திக் காட்டுவேன்.

அந்த வேலைதான் அக்காவின் கல்யாணத்துக்கு முட்டுக்கட்டையாக இருந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பெண் லட்சணமாக இருக்கிறாள், வேலையை விட்டுவிடுவாள்தானே என்று கேட்டார்கள். விடமாட்டேன் என்று அக்கா சொல்வதில்லை. கம்பெனியில் அடுத்து மிஷின் பிரிவுக்கு மாத்தறாங்க என்று மட்டும் சொல்வாள். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, இன்னொரு நாளைக்குச் சாவகாசமா வாரமுங்க என்று எழுந்துவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் வராது.

இங்கேதான் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடிக்கலாம், பழம் எடுக்கலாம். சாப்பிடுவது கிடையாது. சாப்பிட்டால் சம்மதம். சம்மதம் இல்லாத இடத்தில் சாப்பிடக் கூடாது, சாப்பிடச் சொல்லிப் பெண் வீட்டார் வற்புறுத்தவும் கூடாது. வற்புறுத்தினால் கழுத்தைப் பிடித்துச் சரி என்று சொல்லவைத்த மாதிரி. யாரும் யாரிடமும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லத் தேவையில்லாத ஏற்பாடு. பட்டினியாகத் திரும்பிப் போகிறவர்களின் முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கணபதியிலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்கு லேத்துப் பட்டறையில் வேலை. பையனின் அம்மா முன்பு மில்லுக்குப் போனவராம். மருமகள் வேலைக்குப் போவதும் போகாததும் அவள் இஷ்டம் என்று தரகரிடமே சொல்லிவிட்டாராம். அக்கா அதை இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். இவங்களும் காப்பியக் குடிச்சுப்போட்டு எந்திரிச்சாங்கன்னா, இனி யாரு வந்தாலும் நான் பொடவை கட்டிட்டு வந்து நிக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் அம்மா பயந்தாள்.

அவர்கள் வந்த நாள் கருது பாலில் இருந்த நாள். பையனின் அப்பாவுக்குப் பூர்வீகம் பல்லடத்துப் பக்கம், காடு வைத்திருந்தவர். பேச்சு தொடங்கி வெகுநேரம் ஆகவில்லை, மனிதர் எழுந்து வரப்பில் நின்றுவிட்டார். ஒரு கருதைக் கிள்ளிப் பார்த்து, பால் கட்டிருச்சுங்களே என்றார். சொன்ன தோரணையிலேயே நாக்கு தெரிந்தது.

அப்பாவுக்குத் தர்மசங்கடம். வீடு தேடி வந்த ஒறம்பரை வாய்விட்டு ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் இருப்பது எப்படி? கொடுத்தால் சாப்பிடச் சொன்னதாகிவிடுமே? அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, இந்த மாதிரி சிக்கல்களுக்கென்றே பிறந்தவர். மீசையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"சுட்ட கருது கணக்குல வராதுங்க மச்சான். அது நடந்துட்டே திங்கறது. சட்டில உப்புப் போட்டு வேகவெச்சாத்தான் சாப்பாடு."

இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. ஆண்கள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்போரம் உட்கார்ந்தார்கள். தீ மூட்டும் பொறுப்பை நான் ஏற்றேன். படிச்ச பையன் பத்த வெக்கறான், பொழுதுக்குள்ள புடிச்சிரும் என்று மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எப்படியோ பிடித்தது. கருதுகள் வெடிக்க ஆரம்பித்தபோது மேற்கே மலையிலிருந்து மழை இறங்கியது. எங்கள் பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வராது. மட்டையோடு தீ அணைந்து புகைந்தது. பாதி சுட்டு, பாதி பச்சையாக நின்ற கருதுகளை அள்ளிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் ஓடினோம்.

அரைகுறையாகச் சுட்ட கருதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பையனின் அப்பா அதை ஏக்கமாகப் பார்த்தார். அம்மா வேறு வழி தெரியாமல் உலையில் போடச் சொன்னாள். போடும்போதே அக்காவின் காதில் கிசுகிசுத்தாள். உப்பு போடாதே, சும்மா வெந்தால் போதும். சுடாமல் விட்டுப்போன பாக்கி வெந்ததாகக் கணக்கு இருக்கட்டும். உப்புப் போட்டுக் கொடுத்து அவர்கள் தொடாமல் போனால் அப்புறம் ஊருக்குள் தலை காட்ட முடியாது.

நான் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அம்மா காப்பித் தட்டோடு வெளியே போனதும் அக்கா உப்புச் சாடியைத் திறந்தாள். ஒரு கை கல்லுப்பை எடுத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு சட்டியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "காலேஜ்ல என்ன படிக்கறன்னு கேட்டா மட்டும் சொல்லு. வேறொண்ணும் சொல்லாத" என்றாள்.

தட்டை அவளேதான் எடுத்துக்கொண்டு போனாள். தலைகுனிந்து போகவில்லை, வேகமாகவும் போகவில்லை. நடுவில் வைத்தாள். ஆவி பறந்தது. யாரும் கை நீட்டவில்லை. ஆசைப்பட்ட பையனின் அப்பாவே மனைவியின் முகத்தைப் பார்த்தார். மாமா மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பையனின் அம்மா அதுவரை அதிகம் பேசவில்லை. தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"உப்புப் போட்டிருக்கியா கண்ணு?"

வாசற்படியில் நின்ற அம்மா, இல்லை என்று சொல்லு என்று தலையை ஆட்டியது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

"போட்டிருக்கறனுங்க."

அந்த அம்மா ஒரு கருதை எடுத்தார். சூடு பொறுக்காமல் கை மாற்றிப் பிடித்து ஒரு வரிசை கடித்தார். மென்றார். நிதானமாக விழுங்கினார்.

"உப்புப் பத்துல கண்ணு. இன்னும் ரெண்டு கல்லு கொண்டா."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அடுப்பை மூட்டப் போனாள். புகையில்தான் கண் கலங்கியது என்று இன்றுவரை சொல்கிறாள். மாமா, நான் அப்பவே சொன்னேனில்ல என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் அப்போதுதான் தைரியமாக மாப்பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கியிருந்தவர் ஒரு கருதை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாமா என்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா இப்போது அதே கம்பெனியில் மிஷின் பிரிவுக்கு மேற்பார்வை. அக்காவின் மாமியார், அந்த அத்தை, போன வருடம் தவறிவிட்டார். கடைசிவரை அக்காவின் குழம்பில் உப்பு பத்தவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா மக்காச்சோளத்தை விட்டுவிட்டார். காட்டுப்பன்றி ஒரு பக்கம், படைப்புழு ஒரு பக்கம். இப்போது அந்தக் காட்டில் பாக்கு நிற்கிறது. பாலில் கருது இருக்கும் அந்தச் சில நாட்கள் என்று ஒன்று இப்போது இல்லை. மாலில் வருஷம் முழுக்கச் சோளம் பாலில்தான் இருக்கிறது.

அதனால்தான் அம்மா அந்தக் கப்பைத் தொடாமல் அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து, இங்கெல்லாம் அது கெடையாது, தின்னு என்றார். அம்மா தின்றாள். பெண்ணும் தின்றாள். பெண் வீட்டார் எல்லோரும் அடிவரை சுரண்டித் தின்றார்கள். சிரித்துப் பேசினார்கள். லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார்கள். புதன்கிழமை தரகர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார். அவங்க இப்பத்திக்கு வேண்டாம்ங்கறாங்க.

எனக்கு அது பெரிய வருத்தம் என்று சொன்னால் பொய். அந்தப் பெண்ணோடு நான் பேசியதே, இங்க பார்க்கிங் கிடைச்சுதுங்களா என்ற அளவுக்குத்தான். அம்மாதான் இரண்டு நாளாக, சோளம் தின்னாங்களே, சோளம் தின்னாங்களே என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தின்றுவிட்டு ஒருத்தர் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை.

நேற்று அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பின்னால் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலாகக் கேட்டாள்.

"யாராச்சும் உப்புக் கேட்டாங்களாடா?"

கேட்கவில்லை. மேசைமேல் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில் வேண்டிய அளவு கிடந்தது.