சாமி மரத்துப் பலாப்பழம்

ஆதாமைப் பற்றி எங்கள் மலைக்கு முதலில் சேதி கொண்டுவந்தவர் உபதேசியார்தான். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், கொல்லிமலைக்கு வண்டிப் பாதை கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி வருவார். வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர் கூடும் மந்தைக்கு வந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே படச்சுருளை அவிழ்த்துச் சாவடித் தூணில் தொங்கவிடுவார். அந்த முறை படத்தில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு மரம், ஒரு பாம்பு. அதில் பாம்பு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்த முகம்.

சாமி மண்ணைப் பிசைந்து மனுசனைச் செய்தது, அவன் விலாவிலிருந்து பெண்ணை எடுத்தது, இவற்றில் எதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பழத்தைத் தின்ற குற்றத்துக்காக இருவரையும் தோட்டத்தை விட்டே துரத்தினார் என்ற இடத்தில்தான் கதை மாட்டிக்கொண்டது. எங்கள் மலையில் பசித்தவன் யார் மரத்திலும் பறித்துத் தின்னலாம். மரத்தடியிலேயே தின்றுவிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குத் தூக்கிப் போனால்தான் திருட்டு.

“ஏனுங்க, மரத்தடியில தின்னாங்களா, ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்களா?” என்று கேட்டார் பெரியப்பா. அவர்தான் ஊர்க்கவுண்டர். பஞ்சாயத்துப் பண்ணிப் பண்ணி, கதை கேட்கும்போதும் அவருக்குத் தீர்ப்பு நினைப்புதான்.

“மரத்தடியிலதானுங்க. ஆனா அது தொடக் கூடாதுன்னு சாமி ஒதுக்கி வெச்ச மரமுங்க” என்றார் உபதேசியார்.

“அத மொதல்லயே சொல்ல வேண்டாமுங்களா? சாமி மரம்னா குத்தந்தான்.”

கூட்டம் தலையாட்டியது. எங்கள் ஊரிலும் கோயிலுக்கு விட்ட பலா ஒன்று உண்டு. ஆடி நோம்பியன்று முதல் பழத்தைச் சாமிக்குப் படைக்கும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. பிறகு, கடவுள் விசாரித்தபோது ஆதாம் பெண்டாட்டியைக் கைகாட்டிவிட்டான் என்று உபதேசியார் சொன்னதும் மந்தையே சிரித்தது. இவனெல்லாம் ஓர் ஆம்பளையா என்று பெண்கள் பக்கம் ஒரே கேலி. சித்தப்பா எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். அவர் பெண்டாட்டி சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

முந்தின நாள், நோம்பிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, சாமி மரத்தடியில் சின்னம்மா பழத்தைப் பிளந்து தின்றதை நான் பார்த்திருந்தேன். அவள் அப்போது மாசமாக இருந்தாள். அதற்கு முன் பிறந்த குழந்தை தங்கவில்லை. மசக்கைக்காரியின் நாக்குக்குச் சாமி மரம், ஆசாமி மரம் என்ற பேதமெல்லாம் தெரியுமா? என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, சுளை எடுத்தபின் மிஞ்சிய சடையையும் கொட்டையையும் கூடையில் மறைத்து எடுத்துப் போனாள்.

கதை கேட்ட மறுநாளே விஷயம் வெளியே வந்துவிட்டது. மரத்தில் காம்பு அறுந்து பால் வடிந்திருந்ததை யாரோ பார்த்தார்கள். தேடிப் போனால், சடையும் கொட்டையும் சித்தப்பா வீட்டுக் குப்பைக்குழியில் கிடந்தன. புருசன், பெண்டாட்டி இருவரில் யார் பறித்தது என்பதுதான் பாக்கி. சாமி மரத்தில் கை வைத்தவர் தைப்பொங்கல் வரைக்கும் ஊர் எல்லைக்கு வெளியே குடிசை போட்டு இருக்க வேண்டும். நெருப்பு, தண்ணீர், சோறு எதையும் அவர் கையில் யாரும் கொடுக்கக் கூடாது. சின்னம்மாவுக்கோ தைக்கு முன்பே பேறுகாலம். வெளியே கிடந்தால் மருத்துவச்சியும் போக முடியாது. இந்தக் குழந்தையும் போய்விடுமோ என்று அம்மா ஓயாமல் புலம்பினாள்.

பஞ்சாயத்து கூடிய அன்று காலையில் சித்தப்பா தன் சொந்த மரத்துப் பலாப்பிஞ்சை அரிந்து, வடிந்த பாலை இரண்டு கைகளிலும் பூசிக்கொண்டிருந்தார். அது காய்ந்து கறுத்தால் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. இவருக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டே மந்தைக்குப் போனேன்.

பெரியப்பா தம்பி என்று பார்க்கவில்லை. யார் பறித்தது என்று நேராகக் கேட்டார்.

“நாந்தானுங்க அண்ணா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று சித்தப்பா கறுத்துப்போன கைகளை விரித்துக் காட்டினார்.

பலாப்பழம் அறுத்தே நரைத்த பெரியப்பா அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு, சரி என்றார். எனக்குத் தாளவில்லை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே பெரியப்பாதான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் முகத்தை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. சின்னம்மா பிழைத்துவிட்டாளே, இப்போது போய் எதற்கு அழுகிறாள் என்று எரிச்சலாக வந்தது.

சித்தப்பா கம்பளியும் கொடுவாளுமாக எல்லைக்கு வெளியே போனார். போகும்போது மந்தையில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஆதாம் நிசத்தைச் சொன்னான், ஊர் சிரித்தது. சித்தப்பா பொய் சொன்னார், ஊர் எழுந்து நிற்கிறது. அடுத்த முறை மலையேறி வந்த உபதேசியாரிடம், இதில் எது பாவம் என்று கேட்டேன். முதலில் நெற்றி வேர்வையைத் துடைத்தார். பிறகும் வேர்வையையே துடைத்தார்.

ஊர் எல்லையில் ஒரு பெரிய பலாமரம் நிற்கும். காட்டுக்குப் போகிற பெரியப்பா ஒரு நாள் அதனடியில் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டு, எடுக்காமலே போனார். மறுநாளும் அப்படியே. நான் பின்னாலேயே ஓடினேன்.

“பெரியப்பா, உங்க சோறு மரத்தடியில கெடக்குதுங்க.”

“கெடக்கட்டும் கண்ணு. பசிச்சவன் எவனாச்சும் தின்னுட்டுப் போவான்” என்று திரும்பிப் பாராமல் நடந்தார்.

மார்கழிக் குளிரில் சின்னம்மாவுக்கு, ஊருக்குள்ளேயே, மருத்துவச்சி கையில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல உருப்படியான குழந்தை, அழுகைச் சத்தம் எல்லைவரை கேட்டிருக்கும். அன்றைக்குப் பெரியப்பா மரத்தடியில் சோற்றோடு ஓர் அச்சு வெல்லத்தையும் மறந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது. ஊர்க்கவுண்டருக்கே இவ்வளவு மறதி இருந்தால் ஊர் எப்படி உருப்படும் என்று அம்மாவிடம் கேட்டேன்.