பன்னிரண்டாவது எஞ்சின்

என் அண்ணன் றோய் மன்னார்க் கரையோரம் எங்கள் ஊரான வங்காலையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவன். அவனுடைய பழைய ஜெனரேற்றர் ஸ்ராட் ஆகுமுன் மூன்று தரம் இருமும். அந்த இருமல் கேட்டால், றோய் வந்துவிட்டான் என்று ஊருக்குத் தெரியும்.

மிச்ச நேரத்தில் மடிகணினியில் பாட்டுச் செய்தான். மேளமோ கிற்றாரோ கிடையாது. ஐஸ் உடைக்கும் சத்தம், மன்னார் பட்டினத்துக் கழுதையின் கத்தல், வள்ளத்து எஞ்சின். இவற்றை வெட்டி, நீட்டி, தலைகீழாக ஓடவிட்டு, மேலே தன் குரலில் இரண்டு வரி பாடுவான். ஐந்து தொகுப்புகளை இணையத்தில் விட்டான். அடியில் அதிரும் ஒலி எந்தக் கருவி என்று நோர்வேயிலிருந்து ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். "அந்தோனிமுத்து" என்று அண்ணன் பதில் போட்டான். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஒலி அவருடைய வள்ளத்து எஞ்சின்.

அண்ணனுக்கு நோர்வே போதவில்லை. ஊர்ச்சனம் ஒருமுறையாவது தன் பாட்டுக்கு ஆடவேண்டும். கலியாண வீடுகளில் குத்துப்பாட்டுகளுக்கு நடுவே தன்னுடையதைச் செருகுவான். ஆடியவர்கள் போய்க் கதிரையில் இருந்துவிடுவார்கள். பரிமாறுகிறவர்கள் அதையே சைகையாக எடுத்துச் சாப்பாட்டைத் திறப்பார்கள்.

"உங்கட பாட்டால ஒருத்தரும் பசியோட வீட்ட போகேல்ல" என்பாள் அண்ணி யசிந்தா.

எங்கள் கரைப் பெண்கள் எஞ்சின் சத்தத்திலேயே வள்ளத்தை அறிவார்கள். வள்ளம் கண்ணில் படுமுன்னே அந்த வீட்டுக்காரி கூடையோடு கரையில் நிற்பாள். அண்ணன் இதை மறந்துவிட்டான். அண்ணியின் தம்பி கொலின்ஸின் கலியாணம் கரையோர மண்டபத்தில் நடந்தபோது, அந்தோனிமுத்தரின் எஞ்சினைப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளில் முழுச் சத்தத்தோடு விட்டான். அந்தோனிமுத்தரின் மனைவி பிரான்சிஸ்கா அக்கா துள்ளி எழுந்தார். கணவர் பக்கத்தில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இவர் இஞ்ச இருக்கிறார். அப்ப எங்கட வள்ளத்த ஆரோ கொண்டு போறாங்கள்."

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் கரைக்கு ஓட, பாதிக் கலியாணம் பின்னால் ஓடியது. வள்ளம் மணலில் சாதுவாகக் கிடந்தது. திரும்பி வந்து அண்ணனுக்கு விழுந்த ஏச்சை எழுத முடியாது. அவன் முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"பரவாயில்லை. என்ர பாட்டுக்கு இண்டைக்குத்தான் சனம் எழும்பியிருக்கு."

அதன்பின் பெண்கள் வீட்டுக்கே வரத் தொடங்கினார்கள். பிரான்சிஸ்காவின் எஞ்சின் மட்டும் பாடலாமா, எங்களுடையது எப்போது என்று கேட்டார்கள். அண்ணன் மைக் நனையாதபடி சோறு கட்டும் லஞ்ச் ஷீற்றால் சுற்றிக்கொண்டு பதினொரு வள்ளங்களில் ஏறி இறங்கினான். பதினொன்றையும் ஒரே பாட்டாக்கி இந்த வருடக் கோயில் திருவிழாவில் போடுவதாக எல்லோருக்கும் சொல்லிவைத்தான்.

வைகாசியில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. நாற்பத்தொரு வயது. செத்தவீட்டுக்கு வேறிடத்து ஒலிபெருக்கி வந்து செபம் முழுக்க இரைந்தது. இருந்திருந்தால் ஏசியிருப்பான்.

திருவிழா மாலையில், வெள்ளைச் சேலையோடு அண்ணியே அண்ணனின் ஒலி மிக்சருக்கு முன்னால் போய் இருந்தாள். அவர் சொன்ன சொல், நான் போடத்தான் வேணும் என்றாள். சனம் வழக்கம்போலக் கதிரைக்குத் திரும்பினால் அவள் தாங்குவாளா என்று நான் அவள் பக்கத்திலேயே போய் நின்றேன்.

பாட்டுத் தொடங்கியது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பெண் கையைத் தூக்கி எங்களது என்றாள். ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. சோற்றுக் கிடாரத்தின் மூடிகூடத் திறபட்டுவிட்டது. பதினொன்றும் முடிந்தன. அப்போது பெட்டிக்குள்ளிருந்து இன்னொன்று வந்தது. மூன்று தரம் இருமியது.

அண்ணி சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஜெனரேற்றர் வீட்டுக் கொட்டிலில் கிடந்தது.

முதலில் எழுந்தவர் பிரான்சிஸ்கா அக்காதான்.

"றோய் வந்திட்டான். என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள், எழும்புங்கோ."

அந்தோனிமுத்தரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவே போனார். பிறகு மற்றவர்கள். அண்ணி சத்தத்தைக் கூட்டினாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும்.

அன்றைக்குச் சோறு ஆறிப்போய்விட்டது.