அமுக்கியக்காவும் அண்ணியும்

ஆஸ்பத்திரி ஊசி அறையில் அந்த நர்ஸுக்கு அமுக்கியக்கா என்று பெயர். ஊசி போடுமுன், நோயாளியின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையை அழுத்திப் பிடித்து, பத்துவரை எண்ணச் சொல்வாள். பிறகு அவர்களையே அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊசியை ஏற்றுவாள். பாதிப் பேர், "போட்டாச்சா?" என்பார்கள். தலைமை நர்ஸுக்குத்தான் பொறுக்காது. "இது ஊசி ரூமா, மசாஜ் கடையா?" என்று கரித்துக்கொட்டுவாள்.

ஒருநாள் காலையில், சீழ் பிடித்த காலை இழுத்துக்கொண்டு அமுக்கியக்காவின் அண்ணி வந்து நின்றாள். இருவரும் பேசி ஏழு வருஷம். அமுக்கியக்காவுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம், "பிணத்தத் தொடுற கை, யோசிச்சுக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, கூடிவந்த கல்யாணத்தைக் கலைத்த புண்ணியவதி.

"வேற நர்ஸ் இல்லையா?"

"சாயங்காலம் வருவாங்க. கால் தாங்கும்னா உட்காருங்க."

தாங்காது. அண்ணி உள்ளே வந்தாள். "பழி வாங்கத்தானே பாக்குற? வேணும்னே குத்துவ."

"குத்துறது உங்களுக்கு வாய் வேலை, எனக்கு ஊசி வேலை. கையக் குடுங்க."

அழுத்தினாள். முதல் நொடியில் தேவைக்கு மேலேயே அழுத்திவிட்டாள். நகம் பதிந்தது தெரிந்ததும் வெட்கிப்போய்ப் பிடியைத் தளர்த்தினாள். அண்ணி எண்ணி முடித்தாள், ஊசி வலிக்கவில்லை. ஆனால் அன்று மதியமே, நகக்குறியைக் காட்டித் தலைமை நர்ஸிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். தலைமை நர்ஸுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இனி யார் கையையும் அமுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

அண்ணிக்குத் தினம் ஒன்றாகப் பத்து நாள் ஊசி. மறுநாள் வேறொரு நர்ஸிடம் போனாள். அலறலில் வராந்தாவே எட்டிப்பார்த்தது. மூன்றாம் நாள் அமுக்கியக்கா முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"புகார் எழுதின கைதானே இது?"

"வலிக்குதுடி."

"எனக்கும்தான் வலிச்சுது. நகம் பட்டது என் தப்பு, ஒத்துக்கிறேன். மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? எழுதினதத் திருப்பி வாங்கிட்டு வாங்க."

அண்ணி முனகிக்கொண்டே நொண்டிப் போய், காகிதத்தை வாங்கி வந்து மேசைமேல் எறிந்தாள். புகாரோடு உத்தரவும் போயிற்று. மீதி ஏழு நாளும் வந்தாள். கையை நீட்டுவாள், எண்ணுவாள், போவாள். கடைசி ஊசி முடிந்ததும் வாசலில் நின்று திரும்பினாள்.

"இதுக்காக உன்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் கிடைக்காது," என்றாள் அமுக்கியக்கா. "கதவ மறைக்காதீங்க. அடுத்த ஆள் வரட்டும்."