பெட்டிக்கு வைச்ச சந்தனப் பொட்டு

விண்வெளிக்கு ஷட்டிலிலை போன ஒரு சற்றலைட்டுக்குள்ளை நான் ஒட்டின வயர் இருக்குது. இதைச் சொன்னால் இப்பவும் சிலபேர் சிரிக்கினம். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளிலை, நாங்கள் குடியிருந்த மோர்னிங்சைட்டிலை இருந்து ரெண்டு பஸ் மாறி, சற்றலைட்டுச் சாமான் செய்யிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனனான். ரெலிபோன் கதையளைக் கடத்திற சற்றலைட்டுக்கு ஒரு பெட்டி செய்தம். சப்பாத்துப் பெட்டியளவுதான் இருக்கும். ஆறு மாதம் அதோடை மாரடிச்சன். வெள்ளை உடுப்பு, தலைக்கு மூடி, கைக்குக் கிளவுஸ். ஒரு தலைமயிர் விழுந்தாலும் பிழை.

கடைசி வயரையும் ஒட்டி முடிச்சண்டைக்கு மனம் கேக்கேல்லை. புதுக்கார் எடுத்தாலே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பொட்டு வைச்சு, தேசிக்காய் நசிச்சுத்தானே ஓடுறம்? இது ஆகாயத்துக்கெல்லோ போகுது! ஒளிச்சுக் கொண்டுபோன கோயில் சந்தனத்திலை கடுகளவு எடுத்துப் பெட்டியின்ர அடிமூலையிலை வைச்சுவிட்டன்.

அடுத்தநாள் காலமை பரிசோதகர் லைற்றைப் பிடிச்சுப் பாத்தார். பிடிபட்டுது. எங்கட சுப்பர்வைசர் ஒரு கண்டிப்பான வெள்ளைக்கார மனிசி. எல்லாரையும் கூப்பிட்டு, "இது ஆர் செய்த வேலை?" எண்டா. எனக்குப் பக்கத்து மேசைப் பிலிப்பைன்ஸ் பெட்டையைத்தான் முதல் பாத்தா. எனக்கு என்னிலையே கோபம் வந்துது.

"நான்தான்" எண்டன். ஏனெண்டும் சொன்னன்.

உமக்கென்ன விசரே எண்டு மனிசி கேக்காத குறை. பெட்டியைத் துடைச்சு முழுக்கத் திரும்பச் சோதிக்கவேணுமாம். தேறாட்டி, இதேமாதிரி ஒண்டு செய்துவைச்ச மற்றக் குழுவின்ர பெட்டிதான் போகுமாம். வேலை போறதைவிட அதுதான் எனக்குச் சுட்டுது.

மூண்டு நாள் சோறு இறங்கேல்லை. "பேசாமல் இருந்திருக்கலாமெல்லோ?" எண்டார் என்ர மனிசன். "பழியை அந்தப் பெட்டையிலை போடவோ?" எண்டு பாய்ஞ்சன். மனிசன் பேப்பருக்குள்ளை முகத்தை வைச்சிட்டார்.

நாலாம்நாள் பெட்டி தேறிச்சுது.

அடுத்த வருசம் ஷட்டில் மேலை போய்ப் பூமியைச் சுத்தேக்கை, வேலையிடத்துச் சாப்பாட்டறையிலை ரீவியைச் சுத்தி எல்லாரும் நிக்கிறம். உள்ளை இருந்த ஆக்கள் சற்றலைட்டைச் சரிச்சுத் தள்ளிவிட, அது ஆறுதலாய் வெளியாலை போச்சுது. "போ ராசா, போ!" எண்டு தமிழிலையே கத்திப்போட்டன். கண்ணீர் பொலபொலவெண்டு கொட்டுது. வாழ்க்கையிலை அப்பிடிப் பெருமைப்பட்டது இல்லை.

சற்றலைட்டிலை இருந்து சிக்னல் வந்திட்டுதெண்டு அறிவிச்சண்டைக்கு சுப்பர்வைசர் என்ர மேசைக்கு வந்து ஒரு வரைபடத்தை விரிச்சா. அடுத்த பெட்டி. பொறுப்பு எண்ட இடத்திலை என்ர பேர்.

மனிசி போகத் திரும்பிப்போட்டு நிண்டா.

"இந்தமுறை, இதை உள்ளை வைச்சு அனுப்புற மரப்பெட்டிக்குப் பொட்டு வையும். வெளிப்பக்கம்" எண்டா.