பாதியில் இறங்கியவள்

எந்தப் படகுத்துறையில் போய்க் கயிறு கட்டினாலும், பக்கத்துப் படகுக்காரர் யாராவது "தனியாவா வர்றீங்க?" என்று கேட்கும்வரைதான் லிப்ட்காரர் வாயை மூடிக்கொண்டிருப்பார். கேட்டுவிட்டால் போதும். "ஜோடியாத்தான் கிளம்பினோம். பொண்டாட்டி பாதி வழியில இறங்கிப் போயிட்டா," என்பார். கேட்டவர் உச்சுக் கொட்டுவார். அந்த உச்சுக்காகவே அவர் அதைச் சொல்கிறாரோ என்றுகூடத் தோன்றும்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் லிப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி, அலுவலகம், அடுக்குமாடி என்று ஊரிலுள்ள அத்தனை கட்டடங்களின் இருட்டுக் குழிகளும் அவருக்கு அத்துப்படி. கிரீஸ் நாற்றத்திலும், நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் கூச்சலிலும் மனுஷனுக்கு வெறுத்துப்போயிருந்தது. "ஆயுசு பூரா ஏறுறதும் இறங்குறதுமாவே போயிடுச்சு. இனிமேலாவது நேராப் போகணும்," என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். மனைவி சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

விளையாட்டில்லை. ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். ஒற்றைப் பாய்மரம், கீழே ஒரு சின்ன அறை, பின்னால் கரகரவென்று இருமும் எஞ்சின். அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டு பக்கமும் பலகைப் படுக்கை, நடுவில் மடக்கு மேஜை, மூலையில் ஒற்றை அடுப்பு. படகைக் கரையில் ஏற்றிப்போட்டு, அடிப்பாகத்தைச் சுரண்டி, சாயம் பூசி, பம்பு மாற்றி, கயிறுகளைப் புதுப்பித்து, அதிலேயே விழுந்துகிடந்தார். படுக்கைக்கு மெத்தை உறை தைத்துக்கொடுத்தது மனைவி. ஒரு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் அவள் தலைமைப் பொறுப்பில் இருந்தவள். அவருடன் போவதற்காக அந்த வேலையையும் ராஜினாமா செய்துவிட்டாள்.

திட்டம் எளியது. திறந்த கடலுக்குப் போகவேண்டாம். கரையை ஒட்டியே, கால்வாய்களிலும் கழிமுகங்களிலும் காற்றுக்குத் தக்கபடி ஊர் ஊராகப் போவது. பிடித்த இடத்தில் நங்கூரம் போடுவது. அலுத்தால் அடுத்த ஊர்.

புறப்பட்ட சில நாட்களிலேயே மனைவிக்குத் தலைசுற்றலும் வாந்தியும். முதல் பெரிய படகுத்துறையில் இறங்கினாள். அவர் மேற்கொண்டு போனார். அதற்குப் பின் ஏழு வருஷம் அந்தப் படகில் ஓர் ஆள்தான்.

தனியாகப் படகு ஓட்டுவது என்பது இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்வதல்ல; நான்கு கைக்கான வேலையை இரண்டு கை செய்வது. சுக்கானைப் பிடித்தால் பாயை இறக்க முடியாது. பாயை இறக்கப் போனால் படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பும். தாழ்வான பாலங்களுக்கு முன்னால், பாலக்காரர் பாலத்தைத் தூக்கி வழிவிடும்வரை நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு வட்டம் போடவேண்டும். மழைக்காலத்தில் துணி எதுவும் காயாது. தலையணையில்கூடப் பூஞ்சை பூக்கும். அந்த அறையின் கூரையில் அவர் இடித்துக்கொள்ளாத இடமே பாக்கியில்லை. இருந்தாலும், விடிந்ததும் மேல்தட்டுக்கு வந்து, கண்ணாடி போலக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்து ஒரு டம்ளர் காபி குடிக்கும்போது, தான் ஜெயித்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். யாரை ஜெயித்தார் என்பதை மட்டும் யோசிக்கமாட்டார்.

போன் பண்ணாமல் இருந்ததில்லை. மனைவியும் எடுக்காமல் இருந்ததில்லை. "சாப்பிட்டீங்களா, மழையா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பாள். 'வீட்டுக்கு வந்துடுங்க' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது. அவளே கூப்பிடட்டும் என்று இவர் விறைப்பாக இருந்தார். மகளுக்குப் பிரசவமானபோது தண்ணீர் வற்றி, படகு ஒரு மணல்திட்டில் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் ஏறிய பிறகாவது கிளம்பியிருக்கலாம். அப்புறம் காற்று சரியில்லை, அப்புறம் எஞ்சின் சரியில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. தாத்தாவின் தாடியைப் பார்த்து வீறிட்டு அழுதது. மகள் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

ஏழாவது வருஷம், குறுக்குக் காற்று பிடித்து அடித்த ஒரு பகலில், பழக்கமான ஒரு துறையில் படகை அணைக்கப் பார்த்தார். கரையிலிருந்த இரும்புக் குற்றியில் கயிற்றைச் சுற்றும் அந்த ஒரு கணத்தில் காற்று படகை வெளியே தள்ளியது. கயிறு சட்டென்று இறுகியது. வலதுகை கயிற்றுச் சுற்றுக்குள் இருந்தது. சுக்கான் பக்கம் ஓர் ஆள் இருந்திருந்தால் எஞ்சினை ஒரு தட்டுத் தட்டிக் கயிற்றைத் தளர்த்தியிருக்கலாம். ஆள் இல்லை. துறைக் காவலாளி ஓடிவந்து கயிற்றை வெட்டியபோது இரண்டு விரல்களின் கதை முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் "சொந்தக்காரங்க நம்பர் சொல்லுங்க" என்று கேட்டார்கள். யோசிக்காமல் வீட்டு நம்பரைத்தான் சொன்னார்.

மனைவி வந்தாள். பஸ் மாறி மாறி வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. டாக்டரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டாள். மருந்துச் சீட்டைப் பார்த்ததும் "இந்த மாத்திரை இவருக்கு வயித்தப் புரட்டும், வேற குடுங்க" என்றாள். தலை வாரிவிட்டாள். சோற்றைப் பிசைந்து ஸ்பூனில் ஊட்டினாள். லிப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தார்.

கட்டு மாற்ற வந்த நர்ஸ் வாய்த்துடுக்கான பெண். "ஏம்மா, பாதி வழியில இறங்கிப் போனது நீங்கதானா? ஐயா வார்டு பூரா சொல்லி வெச்சிருக்கார்," என்று சிரித்தாள்.

மனைவி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். நர்ஸ் போனதும் கேட்டாள்: "அப்படித்தான் சொல்லிட்டு இருக்கீங்களா?"

"நீ இறங்கினது நிஜந்தானே?"

"வாந்தி எடுக்க இறங்கினேன். படகுலயே எடுத்தா நாத்தம் போகாதுன்னு நீங்கதான் இறங்கச் சொன்னீங்க. அந்தக் குழாயடியில உக்காந்து முகத்தக் கழுவிட்டு இருந்தேன். என் பையை எடுத்துட்டு வந்து பக்கத்துல வெச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"'தண்ணி வத்திட்டா முகத்துவாரத்தத் தாண்ட முடியாது, நீ பஸ்ல போயிடு, நான் போயிட்டு வந்துடறேன்'னீங்க. நான் வாயத் துடைச்சிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள கயித்த அவுத்துட்டீங்க. பஸ் எங்க நிக்கும்னுகூடச் சொல்லல."

"நீ 'இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். எஞ்சின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. நீங்க திரும்பியும் பாக்கல."

குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். அடுத்த கட்டிலில் இருந்தவர் மரியாதைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"திரும்பிப் போய் வேலை கேட்டேன். நான் வேலை கத்துக்குடுத்த பொண்ணு என் சீட்டுல உக்காந்திருந்துச்சு. அவளுக்குக் கீழதான் இப்பவும் வேலை பாக்கறேன். அது பரவால்ல. ஊரெல்லாம் என்னை ஓடிப்போனவளாக்கி வெச்சிருக்கீங்க பாருங்க, அதுதான்..." முடிக்காமல் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனாள்.

அவள் திரும்பி வந்ததும், அவர் ஏழு வருஷமாக விழுங்கி வைத்திருந்ததைக் கடைசியில் தானே கேட்டார்: "நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி இரவல் கேட்டதுபோல நிதானமாக யோசித்தாள்.

"உங்க ரூம்ல ஒரு பொண்ணு குடியிருக்கு. அனுசரணையான பொண்ணு. சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து சமைப்போம். அதைக் காலி பண்ணச் சொல்ல எனக்கு மனசு வராதுங்க."

"ஹால்ல படுத்துக்கறேன்."

"வேண்டாங்க. நீங்க இல்லாம இருந்து பழகிட்டேன். பழக்கினதே நீங்கதான்."

கையில் தையல் பிரிக்கும்வரை கூடவே இருந்தாள். மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்துப் பொட்டலம் கட்டி, படகு வரை வந்து மடக்கு மேஜையில் வைத்தாள். மெத்தை உறையில் கிழிந்திருந்த ஓரத்தை ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொடுத்தாள். அடுப்பு வாயு கசிகிறதா என்று முகர்ந்து பார்த்தாள். "உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். பிறகு காவலாளியிடம் பஸ் நிற்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போய்விட்டாள். லிப்ட்காரர் மேல்தட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் திரும்பவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவளின் நடையாகவும் அது இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டவளின் நடை.

மூன்று விரலால் பாயை ஏற்ற முடியவில்லை. முடிச்சுப் போட முடிந்தது, இறுக்க முடியவில்லை. எஞ்சினை நம்பி இரண்டு தடவை கிளம்பிப் பார்த்தார்; இரண்டு தடவையும் பாலம் வரை போய் மிரண்டு திரும்பிவிட்டார். கூட வருகிறாயா என்று கேட்க ஆள் யாரும் இல்லை. தான் தனியாளாய் ஓட்டிவந்த பெருமையைத்தான் அவர் துறைக்குத் துறை அளந்திருந்தாரே.

இப்போது படகு அந்தத் துறையிலேயே கட்டிக் கிடக்கிறது. அடிப்பாகத்தில் சிப்பி ஏறிவிட்டது. பாயைச் சுருட்டிய இடத்தில் குருவி கூடு கட்டியிருக்கிறது. அதைக் கலைக்கும் தேவை அவருக்கு இனி வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் பண்ணுகிறார். மனைவி எடுக்கிறாள், பழையபடியே நன்றாகப் பேசுகிறாள். போன வாரம் மாடித் தொட்டி ஒழுகுகிறது என்றாள்.

"வாஷர் தேஞ்சிருக்கும். நான் வேணா ஒரு நடை வந்து பாத்துட்டுப் போறேன்," என்றார் அவசரமாக.

"வேண்டாங்க, ஆள் வந்து சரி பண்ணிட்டாங்க," என்றாள். "மழை வருது, மொட்டை மாடியில துணி கிடக்கு. போனை வெச்சிடவா?"

"சரி," என்றார். அவள் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தாள்.